மேட்ச் பார்க்க ஒரு வருடச் சந்தா கட்டலாமா?

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரிலிருந்து 43 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் மெஷின் வைத்துத் துணி தைத்துக் கொடுக்கிறார். கணவர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை நடத்துகிறார். 78 வயது மாமனார் கூடவே இருக்கிறார். மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மாமனாருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். சென்னை அணி ஆடும் இரவில் அவருக்குச் சோறு டிவி முன்னால்தான். மகன் பள்ளி ஹாக்கி அணியில் ஆடுகிறான். 2025 டிசம்பரில் மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டத்தை நேரில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, வெளிநாட்டு ஹாக்கியெல்லாம் பார்க்க வேண்டும் என்று துடிக்கிறான். புதிதாக வந்த ஒரு விளையாட்டு ஆப், 'எல்லா மேட்ச்சும் ஒரே இடத்தில்' என்று விளம்பரம் செய்கிறதாம். 3 மாதத்துக்கு 400 ரூபாய், வருடத்துக்கு 1,200 ரூபாய். வருடத்துக்கு எடுத்தால் 400 ரூபாய் மிச்சம், சலுகை இன்று இரவோடு முடிகிறது என்று திரையில் கடிகாரம் ஓடுகிறது. கடை டிவியிலும் அதைப் போட்டால் கூட்டம் வரும் என்பது கணவரின் எண்ணம். கொழுந்தனாரோ, "மதினி, எதுக்கு இவ்வளவு? 500 ரூபாய் கொடுங்க, எல்லாச் சேனலும் வர்ற ஆப்பை என் கூட்டாளி போட்டுத் தருவான்" என்கிறார். மாமனார், "இந்தியா ஆடுற மேட்ச்சைத் தூர்தர்ஷன்ல காட்டணும்னு சட்டமே இருக்கு. காசு எதுக்குக் கட்டணும்?" என்கிறார்.

வாசகியின் பயம் வேறு. போன வருடம் சினிமா பார்க்கும் ஆப் ஒன்று 'முதல் வாரம் இலவசம்' என்றது. யுபிஐ பின் போடச் சொன்னது, போட்டார். பிடிக்கவில்லை என்று அந்த வாரமே ஆப்பை அழித்துவிட்டார். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 299 ரூபாய் வீதம் இரண்டு தடவை கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது. "598 ரூபாய் என்றால் எத்தனை பிளவுஸ் தைக்க வேண்டும் தெரியுமா? அதைத் திரும்ப வாங்க வழி உண்டா? இந்தப் புது ஆப்புக்குக் கட்டலாமா, கூடாதா?" என்று கேட்கிறார்.

சகோதரி, கேள்வி ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தால் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை இருக்கிறது. அதை எல்லாம் ஒரே ஆப்பின் தலையில் கட்டப் பார்ப்பதால்தான் முடிவெடுக்க முடியவில்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருடச் சந்தா வேண்டாம். 3 மாதச் சந்தாவும் இன்றைக்கு வேண்டாம். ஆகஸ்டில் மகனுக்காக ஒரு முறை எடுக்கலாம், அதுவும் ஒன்றைச் சரிபார்த்த பிறகு. ஏன் என்று விளக்குகிறேன்.

திரையில் ஓடும் கடிகாரத்தை முதலில் மறந்துவிடுங்கள். இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன. வாடிக்கையாளரைச் சிக்க வைக்கும் 13 தந்திரங்களை அந்த நெறிகள் பட்டியல் போட்டிருக்கின்றன. போலி அவசரம் அதில் ஒன்று. சலுகை நிஜமாகவே இன்று முடிந்தாலும் உங்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை. நீங்கள் பார்க்கப்போகிற ஆட்டம் இன்றைக்கு நடக்கவில்லை.

மாமனார் சொல்வது பாதி சரி

அவர் சொல்லும் சட்டம் நிஜமாகவே இருக்கிறது. 2007 தொடக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கே வந்து ஆடியபோது, தூர்தர்ஷனில் நேரடி ஒளிபரப்பு உண்டா இல்லையா என்று பெரிய தகராறு வந்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. தேச முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவிக்கும் போட்டிகளின் ஒளிபரப்பை, உரிமை வாங்கிய நிறுவனம் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 சர்வதேச ஆட்டங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டும் உண்டு.

மீதிப் பாதியில்தான் சிக்கல். முதல் விஷயம், ஐபிஎல் அந்தப் பட்டியலில் இல்லை. சென்னை அணியின் ஆட்டத்தைத் தூர்தர்ஷன் காட்டியே ஆக வேண்டும் என்று கேட்கச் சட்டத்தில் இடம் கிடையாது. இரண்டாவது விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. இப்படிப் பகிரப்படும் ஆட்டத்தைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் சொந்த டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளுக்கும் தனியார் டிடிஎச்-சுக்கும் அது போகக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் வீட்டில் கேபிள் இருக்கிறது. அதில் டிடி சேனல் வரும், ஆனால் மேட்ச் நேரத்தில் அந்த மேட்ச் மட்டும் வராது. கேபிள்காரர் நிறுத்திவிட்டார் என்று அவரோடு சண்டை போட்டவர்கள் உண்டு. பாவம், தவறு அவருடையது இல்லை.

"முன்னாடி ஐபிஎல்லை போனில் சும்மாதானே காட்டினார்கள், இப்போது காசு கேட்பது சட்டப்படி சரியா?" என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சரிதான். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 2022 ஜூனில் ஏலம் போனது. மொத்தம் 48,390 கோடி ரூபாய். அதில் இந்தியாவுக்கான டிவி உரிமை 23,575 கோடி, இணைய உரிமையின் முக்கியத் தொகுப்பு 20,500 கோடி. இணைய உரிமையை வாங்கிய வயாகாம்18, ஆட்களைச் சேர்ப்பதற்காக 2023, 2024 இரண்டு ஆண்டும் ஜியோசினிமாவில் இலவசமாகக் காட்டியது. 2024 நவம்பரில் டிவி உரிமை வைத்திருந்த ஸ்டாரும் வயாகாம்18-உம் ஒன்றாகிவிட்டன. 2025 பிப்ரவரி 14 அன்று அவர்களின் ஒரே ஆப்பாக ஜியோஹாட்ஸ்டார் வந்தது. மொபைலுக்கு மட்டும் 3 மாதம் 149 ரூபாய் என்று அப்போது விலை வைத்தார்கள். இலவசம் என்பது கடை திறந்த அன்று கொடுக்கும் மிட்டாய் மாதிரி. மறுநாளும் கொடுக்க வேண்டும் என்று கடைக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது.

'எல்லா மேட்ச்சும்' என்ற வார்த்தை

நீங்கள் ஏமாறக்கூடிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். இந்தியாவில் எந்த ஆப்பிலும் எல்லா மேட்ச்சும் கிடையாது. உரிமை தொடருக்குத் தொடர், நாட்டுக்கு நாடு, வாரியத்துக்கு வாரியம் தனித்தனியாக விற்கப்படுகிறது. 2025-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐபிஎல் இணையத்தில் ஜியோஹாட்ஸ்டாரில் வந்தது. செப்டம்பரில் நடந்த ஆசியக் கோப்பை சோனிலிவ்வில் வந்தது. இந்திய அணி இங்கிலாந்தில் ஆடிய ஐந்து டெஸ்ட்டும் டிவியில் சோனியில், போனில் ஜியோஹாட்ஸ்டாரில். ஃபார்முலா 1 கார் பந்தயம் ஃபேன்கோடில். வருடம் முழுக்க ஒன்றுவிடாமல் பார்க்க நினைக்கும் ரசிகர் மூன்று இடத்தில் பணம் கட்ட வேண்டியிருந்தது.

உரிமைக்கு ஆயுளும் உண்டு. மூன்று வருடம், நான்கு வருடம் கழித்துக் கை மாறும். நீங்கள் வருடத்துக்குக் கட்டிய பிறகு நடுவில் ஒரு தொடர் வேறு ஆப்புக்குப் போய்விட்டால் பணம் திரும்புமா? அநேகமாகத் திரும்பாது. எங்களிடம் இருக்கும் போட்டிகள் மாறலாம் என்று ஒரு வரி நிபந்தனைகளில் இருக்கும், நாம் படிக்காமல் 'சம்மதம்' அழுத்தியிருப்போம். அந்த நிபந்தனையே நியாயமற்றது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாதாடலாம். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வாதத்தை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எடுக்க முடியாது, மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். 1,200 ரூபாய்க்காக அங்கே போகச் சொல்லி உங்களுக்கு நான் யோசனை சொல்ல மாட்டேன். விளம்பரத்தில் ஒரு தொடரின் பெயரைப் போட்டுப் பணம் வாங்கிவிட்டு அதைக் காட்டவே இல்லை என்றால் விஷயம் வேறு, அது பொய் விளம்பரம். அதனால் கட்டுவதற்கு முன்னால் அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லி எல்லோரிடமும் சொல்கிறேன். கையில் ஆதாரம் இல்லாமல் வருபவர்களுக்கு என்னால் அதிகம் உதவ முடிவதில்லை.

என் வீட்டிலும் இது நடந்தது. ஒரு உலகக் கோப்பைக்காக வருடச் சந்தா கட்டினேன், 3 மாதத்தை விட இதுதான் லாபம் என்று கணக்குப் போட்டு. கோப்பை முடிந்த பிறகு அந்த ஆப்பை நாங்கள் திறக்கவே இல்லை. பணம் கட்டிய மீதி மாதங்களெல்லாம் வீண். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய அந்த வருடம் எனக்கு அதிக விலைக்கு விழுந்தது. இன்னும் அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கணக்கு

மாமனாருக்குத் தேவை சென்னை அணியின் ஆட்டங்கள். லீக் சுற்றில் ஒரு அணிக்கு 14 ஆட்டம். அதற்காக 3 மாதச் சந்தா கட்டினால் ஆட்டத்துக்கு 28 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதே ஆட்டங்கள் உங்கள் கேபிளில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேனலில், தமிழ் வர்ணனையோடு வரும். வேண்டிய சேனலைத் தனியாகக் கேட்டு வாங்கும் உரிமை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி உங்களுக்கு இருக்கிறது. பெரிய தொகுப்பைத்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது. தொகுப்பில் சேர்க்கப்படும் எந்தச் சேனலுக்கும் மாத விலை, வரி நீங்கலாக, 19 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. ஐபிஎல் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். மூன்று மாதக் கட்டணம் என்று வைத்தாலும் 70 ரூபாய்க்குள் அடங்கிவிடும். கேபிள்காரருக்கு ஒரு போன் போட்டு, "அந்த ஒரு சேனலை மட்டும் போட்டுவிடுங்கள், சீசன் முடிந்ததும் எடுத்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். அவர் தயங்கினால் டிராய் விதியை நினைவுபடுத்துங்கள்.

78 வயதுக்காரருக்கு இது பணத்தைத் தாண்டியும் நல்லது. ரிமோட்டில் ஒரு எண்ணை அமுக்கினால் மேட்ச் வந்துவிடும். லாகின், ஓடிபி, நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்ற எந்தத் தொல்லையும் இல்லை. ஆப்பில் வரும் படம் டிவியை விடச் சில விநாடிகள், சில நேரம் அரை நிமிடம்கூடப் பிந்தி வரும். பக்கத்து வீட்டில் சிக்ஸர் என்று கத்திய பிறகு இங்கே பந்து வீசுவார்கள். அவ்வளவு ஆசையாகப் பார்ப்பவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

விலைப் பட்டியலில் இன்னும் சில விஷயங்களைப் பாருங்கள். 'மொபைல் மட்டும்' என்று இருந்தால் டிவியில் போட முடியாது. 'விளம்பரம் இல்லாத சந்தா' என்று கூடுதல் பணம் வாங்கும் இடங்களிலும் நேரடி ஆட்டத்தின்போது விளம்பரம் வரும், அதை நிபந்தனையிலேயே சொல்லியிருப்பார்கள். டேட்டாவும் செலவுதான். நல்ல தெளிவான படத்துக்கு மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு ஜிபி வரை போகும். ஒரு டி20 ஆட்டம் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். உங்கள் வீட்டு ரீசார்ஜில் தினம் ஒன்றரை ஜிபி என்றால் முதல் பத்து ஓவரிலேயே தீர்ந்துவிடும். அப்புறம், மூன்று போன்களுக்கும் ரீசார்ஜ் செய்கிறீர்களே, அதில் ஏதாவது ஒன்றோடு ஏற்கெனவே ஒரு விளையாட்டு ஆப் சந்தா சேர்ந்து வருகிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். வந்திருப்பது தெரியாமலேயே தனியாகப் பணம் கட்டுபவர்கள் நிறைய.

கடை டிவியில் போடலாமா

கணவரின் எண்ணம் எனக்குப் புரிகிறது. மேட்ச் ஓடும் டீக்கடையில் ஒரு டீக்கு இரண்டு டீ விற்கும். ஆனால் வீட்டுக்கென்று வாங்கும் சந்தா, சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. கடையில் போட்டது தெரிந்தால் கணக்கை முடக்கவும் கட்டிய பணத்தைத் தராமல் இருக்கவும் அவர்களால் முடியும். பதிப்புரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவு, கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கு ஒளிபரப்பைக் காட்டுவதை உரிமை மீறல் என்கிறது. நீங்கள் டிக்கெட் போடவில்லை, டீக்கு மட்டும்தான் காசு வாங்குகிறீர்கள். அதனால் போலீஸ் கேஸ் வரும் என்று பயமுறுத்த மாட்டேன். நிபந்தனையை மீறுவது மட்டும் நிச்சயம்.

கடைக்கு நான் சொல்லும் வழி டிடி ஃப்ரீ டிஷ். டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு தடவை வாங்கும் செலவுதான், மாதக் கட்டணம் கிடையாது. இந்தியா ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்கள் அதில் வரும். டீக்கடையில் கூட்டம் கூடுவதும் பெரும்பாலும் இந்தியா ஆடும்போதுதானே? மாமனார் நினைவு வைத்திருக்கும் சட்டம் உங்கள் குடும்பத்துக்கு உண்மையில் பயன்படும் இடம் இதுதான். அவரிடம் அப்படியே சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

கொழுந்தனார் சொல்லும் 500 ரூபாய் ஆப்

இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை, வேண்டாம். கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை, ஊரெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்பதால் சொல்கிறார். உரிமை வாங்காமல் ஆட்டத்தை மறு ஒளிபரப்பு செய்யும் ஆப் அது. 2023 உலகக் கோப்பைக்கு முன்னால் இப்படிப்பட்ட தளங்களை முடக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெரிய தொடர் வந்தால் இவை முடங்கும், அதாவது உங்களுக்குத் தேவைப்படும் வாரத்தில்தான் வேலை செய்யாது. பில் இல்லாமல் யாரோ ஒருவருக்கு அனுப்பிய 500 ரூபாயை எந்த ஆணையத்திலும் நான் கேட்டு வாங்கித் தர முடியாது.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு இரண்டு. பிளே ஸ்டோரில் இல்லாத ஆப்பை வெளியிலிருந்து ஏற்றும்போது அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்துவிடுவோம். உங்கள் தையல் கூலி வரும் கணக்கின் ஓடிபியும் அந்தப் போனுக்குத்தான் வருகிறது. அடுத்தது, இந்தத் திருட்டு ஒளிபரப்புகளில் பந்தய விளம்பரங்கள் கொட்டும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடை செய்தது, எத்தனையோ குடும்பங்கள் அதில் அழிந்த பிறகு. 15 வயதுப் பையன் தினம் பார்க்கும் திரையில் அந்த விளம்பரம் ஓட வேண்டாம், சகோதரி. கொழுந்தனார் அந்த ஆப்பை ஏற்கெனவே வைத்திருந்து அவர் கணக்கிலிருந்து எப்போதாவது பணம் போனால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவை அழைக்கச் சொல்லுங்கள்.

போன 598 ரூபாய்

ஆப்பை அழித்தால் சந்தா நின்றுவிடும் என்று நினைத்தீர்கள். நிற்காது. போனில் இருந்தது ஆப் மட்டும்தான். பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி உங்கள் யுபிஐ கணக்கில் அப்படியே இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும், பணம் அனுப்பப் பயன்படுத்தும் யுபிஐ ஆப்பைத் திறந்து 'ஆட்டோபே' என்ற பகுதிக்குப் போங்கள். அந்த நிறுவனத்தின் பெயர் இன்னும் இருந்தால் ரத்து செய்யுங்கள். மூன்றாவது 299 போவதற்கு முன்னால் இதைச் செய்வதுதான் இன்றைய முதல் வேலை.

இனி பணத்துக்கு வருவோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானாக எடுக்கப்படும் ஒவ்வொரு தொகைக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். வங்கிக் குறுஞ்செய்திகளைப் படிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தேதிகளுக்கும் முந்தைய நாள் செய்தி வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு கிடையாது. 14448-ல் விவரம் சொல்வார்கள்.

செய்தி வந்திருந்தால் வங்கி மேல் தவறு இல்லை. அப்போதும் அந்த நிறுவனத்தைக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. மேலே சொன்ன 13 தந்திரங்களில் 'சந்தாப் பொறி' என்று ஒன்று உண்டு. இலவசச் சந்தா தருகிறேன் என்று சொல்லிவிட்டு, அதற்கே பணம் எடுக்கும் அனுமதியைக் கட்டாயமாக வாங்குவது அதன் விளக்கத்தில் நேரடியாக இருக்கிறது. உங்களுக்கு நடந்தது கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை அதுதான். முதலில் அந்த ஆப்பின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இணைய வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். நிறைய சின்னத் தொகைகள் அந்தக் கட்டத்திலேயே திரும்பி வந்துவிடுகின்றன.

அங்கேயும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பின் போட்டது நீங்கள்தானே என்று அவர்கள் வாதாடுவார்கள். 'முதல் வாரம் இலவசம்' என்ற திரையின் படம் உங்களிடம் இல்லாதது ஒரு குறை. அந்த ஆப்பின் விளம்பரம் இன்றும் அப்படியே வந்தால் இப்போதாவது எடுத்து வையுங்கள்.

மகனின் ஹாக்கி

அவனுக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டதே என்று நினைக்காதீர்கள். இந்த வீட்டில் சந்தாவுக்கு நியாயமான காரணம் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். ஆட்டக்காரன் பார்க்கும் மேட்ச் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. பெனால்டி கார்னரில் யார் எங்கே நிற்கிறார்கள், பின்கள ஆட்டக்காரர் பந்தை எப்படி எடுத்துப் போகிறார் என்று நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்துக் கற்றுக்கொள்வான். கேபிளில் அதைச் செய்ய முடியாது, ஆப்பில் முடியும்.

2026 ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் ஹாக்கி உலகக் கோப்பை நடக்கிறது. செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டு. ஆகஸ்ட் நடுவில் தொடங்கும் ஒரு 3 மாதச் சந்தாவுக்குள் இரண்டும் அடங்கும். மகனிடம் ஒரு வேலை கொடுங்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் இந்த இரண்டு தொடரும் எந்த ஆப்பில் வருகின்றன என்று தேடி எழுதி உங்களிடம் காட்ட வேண்டும். நீங்கள் கேட்ட ஆப்பில் இருந்தால் 400 ரூபாயைத் தாராளமாகக் கட்டுங்கள், டிவியிலும் ஓடும் சந்தாவா என்று பார்த்துவிட்டு. வேறு ஆப்பில் இருந்தால் அதற்குக் கட்டுங்கள். இரண்டும் இரண்டு இடத்தில் இருந்தால் உலகக் கோப்பை இருப்பதை மட்டும் எடுங்கள். ஆசிய விளையாட்டு, தூர்தர்ஷனோடு பகிர வேண்டிய பட்டியலில் இருக்கிறது. கடையில் ஃப்ரீ டிஷ் போட்டிருந்தால் அங்கே பார்த்துக்கொள்வான். பணம் கட்டிய அன்றே ஆட்டோபேயை ரத்து செய்துவிடுங்கள். பெரும்பாலான ஆப்களில் கட்டிய காலம் முடியும்வரை ஆட்டம் ஓடும்.

1915-ல் பேசியதும் ஒரு புகார் எண் கொடுப்பார்கள். அதைத் தையல் கணக்கு நோட்டிலேயே தேதியோடு குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றால் அந்த எண்ணையும் வங்கிக் கணக்கின் அந்த இரண்டு வரிகளையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், ஆணையத்துக்கான மனுவை நானே எழுதித் தருகிறேன்.